அக்டோபர்ஃபெஸ்ட் நுழைவுச் சீட்டு என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்குள் நுழைய ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று ஒருவர் சீட்டு விற்றால் நாகர்கோவிலில் யாராவது வாங்குவோமா? ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு அப்படி ஒரு சீட்டை ஆளுக்கு 6,500 ரூபாய் கொடுத்து நாங்கள் நான்கு பேர் வாங்கினோம். கூடவே ‘டேபிள் ரிசர்வேஷன்’ என்று ஆளுக்கு 14,000. மொத்தம் 82,000 ரூபாய். விற்றது நம்ம மாவட்டத்துப் பயண ஏஜென்சி ஒன்று. அதே விளம்பரம் இந்த வருடமும் நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. விழா மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தெரேசியன்வீஸே ரயில் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டத்தோடு மேலே ஏறி வந்தோம். வாசலில் பையை மட்டும்தான் பார்த்தார்கள். சீட்டை நீட்டினால் வாங்கவே ஆளில்லை. அங்கே வரிசையில் நின்ற கோயம்புத்தூர் பையன், மியூனிக்கில் படிக்கிறவன், எங்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்த மைதானத்துக்கு டிக்கெட்டே கிடையாது. யார் வேணும்னாலும் சும்மா வரலாம்” என்றான். என் மச்சான் முகம் செத்துப்போனது. வளைகுடாவில் மூன்று வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் வந்தவன் அவன்.

சரி, டேபிளாவது இருக்கிறதே என்று, ஏஜென்சி ரிசர்வ் செய்ததாகச் சொன்ன பெரிய பீர் கூடாரத்துக்குப் போனோம். காவலர் எங்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலர் பிரிண்ட், நடுவில் ஒரு பீர் குவளைப் படம், கீழே எங்கள் பெயர்கள். மேசை எண் இல்லை, நேரம் இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை ஆனதால் கூடாரம் ஏற்கெனவே நிரம்பிக் கதவை மூடியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ரிசர்வேஷனைக் கூடாரம் நடத்துகிறவர்களிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பத்துப் பேர் உட்காரும் முழு மேசையாகத்தான் கொடுப்பார்கள். கட்டும் பணம் சாப்பாட்டுக்கும் பீருக்கும் கூப்பனாகத் திரும்பி வந்துவிடும். ஆகவே, ‘நாலு பேருக்கு நாலு சீட்’ என்று ஒருவன் பிரித்து விற்கும்போதே நமக்குச் சந்தேகம் வர வேண்டும். ரிசர்வேஷனே இல்லாமலும் போகலாம். எல்லா மேசையையும் ரிசர்வ் செய்ய அங்கே அனுமதி இல்லை. திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போனோம், நல்ல இடமாக உட்கார்ந்தோம். ஒரு லிட்டர் குவளைக்கு ‘மாஸ்’ என்று பெயர். அந்த வருட விலை 13.60 யூரோவிலிருந்து 15.30 வரை, நம்ம கணக்கில் 1,250 ரூபாய்க்கு மேல்.

அந்தக் குவளையில் மேலே ஒரு கோடு இருக்கும், அதுதான் ஒரு லிட்டர். நுரை அடங்கினதும் எங்களுக்கு வந்தது கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அக்கானி (பதநீர்) வாங்கும்போது நுரையைக் கணக்கில் சேர்க்காத ஊர்க்காரர்கள் நாம். பரிமாறின அம்மாவிடம் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவந்தார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குறைவாக ஊற்றுவதை எதிர்த்து அந்த ஊர்க்காரர்களே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள்.

ஏஜென்சி சொன்ன ‘புரூபப் டூர்’ இன்னொரு ஏமாற்று. புரூபப் என்றால் அந்தக் கடையிலேயே பீர் காய்ச்ச வேண்டும். கூட வந்த கைடு எங்களைக் கூட்டிப்போன மூன்று கடையும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண பார்கள். எதிலும் பீர் காய்ச்சும் ஒரு கொப்பரையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் நாங்களாகவே கீசிங் பகுதிக்குப் போய், 2006-இல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கி வளர்ந்த கீசிங்கர் பிரோய் என்ற பீர் ஆலையில் குடித்தோம். அந்தப் பயணத்தில் மனசுக்கு நிறைவாக இருந்தது அந்தச் சாயங்காலம்தான். அக்டோபர்ஃபெஸ்ட் கூடாரங்களில் ஆறு பெரிய மியூனிக் ஆலைகளின் பீர்தான் ஊற்றுவார்கள், இது அங்கே கிடைக்காது.

ஊருக்கு வந்து ஏஜென்சியில் கேட்டால், “அண்ணாச்சி, ஜெர்மனி பார்ட்னர் எங்களையும் ஏமாத்திட்டான், நான் என்ன செய்யட்டும்?” என்கிறார். நான்கு தடவை நடந்த பிறகு 20,000 தந்தார். மீதிக்கு முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அது நகரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்களிடம் இருப்பது ஜிபே ரசீதும், ‘என்ட்ரி டிக்கெட் கட்டாயம்’ என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும். இதே மாதிரி சீட்டு வாங்கினவர்கள் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போகலாம்.