ரோலா, குரூப்பா, தனித்தனி சைட்டா? சிவிசிஆர்எம் அக்சஸ் பத்தி ஒரு அலசல்

எங்க அமைப்புக்கு நாலு கிளை, ஒரே வெப்சைட், அதுக்குப் பின்னாடி ஒரே சிவிசிஆர்எம், அதாவது அமைப்போட ஆட்கள், நன்கொடை விவரமெல்லாம் வச்சிருக்குற மென்பொருள், உள்ள ஆறாயிரம் சொச்சம் காண்டாக்ட், ஒரு ஆளுக்கு ஒரு ரெக்கார்டுன்னு வச்சுக்கங்க. ரொம்ப நாளா ஆபீஸ்ல ரெண்டே பேர்தான் அதுக்குள்ள போவோம், அதனால யாருக்கு எது தெரியணும்ங்கிற கேள்வியே வரல. கிளை ஆட்களே அவங்கவங்க பட்டியலைப் பாத்துக்கட்டும்னு கதவைத் திறந்துவிட்டப்பதான் வம்பு. முதல் வாரத்துலயே ஒரு தன்னார்வலர், நல்ல மனசோடதான், நாலு கிளை ஆட்களுக்கும் சேத்து ஒரு அழைப்பு மெயிலைத் தட்டிவிட்டுட்டாரு. அவர் மேல தப்பே இல்ல, கண்ணுல பட்ட லிஸ்ட்டுக்கு அனுப்பினாரு, படக்கூடாததைக் காட்டினது நாங்க.

அதுக்கப்புறம் உக்காந்து என்னென்ன வழி இருக்குன்னு பாத்தோம். நாலு வழி: வேர்ட்பிரஸ் ரோல் (வெப்சைட் லாகினுக்குக் குடுக்குற பதவி மாதிரி), கிளைக்கு ஒரு தனி சைட், ஆளுக்கு ஆள் உறவு வச்சு அனுமதி, அப்புறம் குரூப் வச்சு ஏசிஎல் (யார் யாரோட விவரத்தைப் பாக்கலாம், திருத்தலாம்னு சிவிசிஆர்எம்லயே எழுதுற விதி). நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுறேன், குரூப் பக்கம். நடுநிலையான ஆராய்ச்சிய எதிர்பாக்காதீங்க, ஆனா மத்ததை ஏன் விட்டோம்னு நியாயமாவே சொல்றேன்.

முதல்ல ரோல். எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க, ஏன்னா பத்து நிமிஷ வேலை. சிவிசிஆர்எம் தனக்குன்னு ஒரு அனுமதிப் பட்டியல் வச்சிருக்கு, வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எதுல போட்டாலும் அந்த சிஎம்எஸ்ஸோட (வெப்சைட்டை நடத்துற மென்பொருளோட) ரோலுக்கு நேரா டிக் அடிச்சா போதும். சிக்கல் என்னன்னா அந்த அனுமதிகள் வேலையைப் பத்தினது, ஆட்களைப் பத்தினது இல்ல. "எல்லா காண்டாக்டும் பார்க்கலாம்"னு ஒரு டிக் இருக்கு, "இந்தக் கிளை காண்டாக்ட் மட்டும் பார்க்கலாம்"னு ஒரு டிக் கிடையவே கிடையாது. ரெண்டு மூணு பேர் இருக்குற, யார்கிட்டயும் மறைக்க எதுவும் இல்லாத சின்ன அமைப்பா? ரோலோட நிறுத்திக்கங்க, மீதியைப் படிக்கவே வேணாம்.

தனித்தனி சைட். பிரிவினைன்னா இதுதான் கெட்டியான பிரிவினை, ஒரு டேட்டாபேஸ்ல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கிறதே தெரியாது. ஆனா ரெண்டு கிளைலயும் நன்கொடை கொடுக்குற ஒருத்தர் ரெண்டு இடத்துல ரெண்டு ஆளா ஆகிடுவாரு, ஒரு எடத்துல முகவரி மாத்தினா இன்னொரு எடத்துல பழசே நிக்கும். அதைவிட பெரிய தலைவலி, சிவிசிஆர்எம் மாசாமாசம் ஒரு வெர்ஷன் விடுது. நாலு சைட்னா வருஷத்துக்கு 48 அப்டேட். நீண்ட நாள் சப்போர்ட் உள்ள வெர்ஷன் ஒண்ணு தனியா தர்றாங்க, அதை எடுத்தா எண்ணிக்கை குறையும்தான், ஆனா பேக்கப், எக்ஸ்டென்ஷன், மெயில் செட்டிங் எல்லாம் நாலு மடங்குதான். சட்டப்படியே ஒருத்தர் டேட்டாவை இன்னொருத்தர் தொடக்கூடாதுன்னு இருக்குற அமைப்புகளுக்கு இது சரி. நாங்க இதை ஓட்டிப் பாக்கல, கணக்குப் போட்டுப் பாத்ததோட சரி.

மூணாவது, உறவு வழி அனுமதி. சிவிசிஆர்எம்ல ரெண்டு காண்டாக்டுக்கு நடுவுல ஒரு உறவு போடும்போது, இவர் அவரோட ரெக்கார்டைப் பாக்கலாம், இல்ல பாத்து மாத்தலாம்னு அதுலயே குறிக்க முடியும். ஒரு அம்மா பிள்ளைங்களோட விவரத்தை மாத்துறது, ஒரு கவுன்சிலர் தன்கிட்ட வர்ற பத்து பேரை மட்டும் பாக்குறது, இதுக்கெல்லாம் அருமை. உறவுக்கு முடிவுத் தேதி போட்டா அனுமதியும் அதோட முடிஞ்சிடும், அந்த அழகு எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஆனா கிளைக்கு ஆயிரத்து ஐநூறு பேர்னா ஆயிரத்து ஐநூறு உறவு யார் போடுறது? நாங்க ஒரு கிளைக்கு முயற்சி பண்ணி மூணாம் நாள் விட்டுட்டோம்.

இப்ப குரூப். இதுல பல பேர் முதல் படியிலயே தடுக்கி விழறாங்க, நானும் விழுந்தேன், ஏன்னா இதுல குரூப்னு ரெண்டு வகை வருது, பாக்குறவங்க குரூப் ஒண்ணு, பாக்கப்படுறவங்க குரூப் ஒண்ணு. "வடக்குக் கிளை ஆட்கள்"ங்கிறது பாக்குறவங்க குரூப், இதை உருவாக்கும்போது குரூப் வகைல அக்சஸ் கண்ட்ரோல்னு டிக் அடிக்கணும், அடிக்கலைன்னா பின்னாடி லிஸ்ட்லயே வராது, நீங்க எங்கடா போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. "வடக்குக் கிளை காண்டாக்ட்"ங்கிறது பாக்கப்படுறவங்க குரூப். நடுவுல ஏசிஎல் ரோல்னு ஒரு பாலம். ரோல்ங்கிற பேரைப் பாத்து வேர்ட்பிரஸ் ரோல்னு நினைச்சிடாதீங்க, இது வேற அது வேற, யார் இதுக்கு இந்தப் பேரை வச்சாங்களோ தெரியல. ஆட்கள் குரூப்பை அந்த ஏசிஎல் ரோலோட இணைக்கணும், அப்புறம் அந்த ரோல் இன்ன காண்டாக்ட் குரூப்பைத் திருத்தலாம்னு ஒரு ஏசிஎல் வரி எழுதணும். வேர்ட்பிரஸ் பக்கம் அவங்களுக்கு சிவிசிஆர்எம்முக்குள்ள நுழையுற அனுமதி குடுத்தா போதும், புது காண்டாக்ட் சேக்குறவங்கன்னா அதுக்கான டிக்கும் வேணும். "எல்லா காண்டாக்டும் பார்க்கலாம்", "எல்லா காண்டாக்டும் திருத்தலாம்" ரெண்டையும் கண்டிப்பா எடுத்துடணும், அது ஒண்ணு டிக்ல இருந்தாலும் நீங்க எழுதின ஏசிஎல் எல்லாம் வீண், அத்தனை பேரும் தெரிவாங்க.

செட்டப்னு பாத்தா ரோலைவிட இது கஷ்டம்தான், ஒரு நாள் போகும். அப்புறம் ஏன் இது? ஒரே காரணம், பராமரிப்பு. செட்டப் ஒரு நாள்தான், ஆனா ஆள் வர்றதும் போறதும் வருஷம் முழுக்க நடக்குது, அதுவும் தன்னார்வலர்கள் இருக்குற எடத்துல கேக்கவே வேணாம், பரீட்சை வந்தா போயிடுவாங்க, கல்யாணம் ஆனா போயிடுவாங்க, வேற கிளைக்கு மாறுவாங்க, ஒருத்தரே ரெண்டு மாசத்துக்கு ரெண்டு கிளையையும் பாத்துக்குவாங்க.

இதை ரோல்ல பண்ணிப் பாருங்க. கிளைக்கு ஒரு ரோல்னு புதுசா உருவாக்கினாலும், ஒவ்வொரு கிளைலயும் வெறும் பாக்குறவர், திருத்துறவர், மெயில் அனுப்புறவர்னு மூணு விதம், நாலு கிளைக்கு 12 ரோல். வேர்ட்பிரஸ்ல யூசர் பக்கத்துல ஒரு ஆளுக்கு ஒரு ரோல்தான் குடுக்க முடியும், ரெண்டு கிளை பாக்குறவருக்கு என்ன பண்றது, பதிமூணாவதா ஒரு ரோலா? ட்ரூபல்லயும் ஜூம்லாலயும் ஒருத்தருக்கு ஒண்ணுக்கு மேல குடுக்கலாம், அங்க இந்த வலி கொஞ்சம் கம்மி, ஆனாலும் அந்த ரோலுக்கு எந்த காண்டாக்டுன்னு சொல்ல கடைசில ஏசிஎல்கிட்டதான் வரணும். குரூப்ல கணக்கே வேற. எந்தக் கிளைங்கிறதை குரூப் பாத்துக்கும், அதனால வேர்ட்பிரஸ் ரோல் கிளைவாரியா பெருகாது. ரெண்டு கிளை பாக்குறவரை ரெண்டு குரூப்லயும் போட்டுடு, முடிஞ்சுது.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் முக்கியமாப் பட்டுது, அந்த மாத்தத்தை யார் செய்யறாங்கங்கிறது. ரோல் மாத்தணும்னா வேர்ட்பிரஸ் அட்மின் வேணும், அதாவது நான் வேணும். நான் ஊர்ல இல்லாத வாரத்துல ஒருத்தர் விலகிப் போனா, நான் வர்ற வரைக்கும் அவர் உள்ளதான் இருப்பாரு. ஒரு தடவை விலகி அஞ்சு மாசமான ஒருத்தரோட அனுமதி அப்படியே உயிரோட இருந்ததைப் பாத்து எனக்குத் தூக்கமே வரல. இப்ப ஆபீஸ்ல ஒருங்கிணைப்பாளர் அம்மாவே அந்த ஆளோட காண்டாக்டைத் திறந்து குரூப் டேப்ல நீக்கிடுறாங்க. அவங்களுக்கு வேர்ட்பிரஸ்ல பிளகின் என்ன தீம் என்னன்னு ஒண்ணும் தெரியாது, தெரியவும் வேணாம். ஆனா ஒரு எச்சரிக்கை, அந்த "ஆட்கள்" குரூப்பைக் கிளைக்காரங்களோட ஏசிஎல்ல எந்த வடிவத்துலயும் சேக்காதீங்க, சேத்தா ஒருத்தர் தன் நண்பரைத் தானே உள்ள இழுத்துக்குவாரு.

சரி, குரூப்ல குறையே இல்லையான்னா, இருக்கு, எல்லாமே நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டது.

முதல் குறை ரொம்ப வேடிக்கையானது. கிளைக்காரர் ஒருத்தர் புதுசா ஒரு காண்டாக்டைச் சேத்து சேவ் பண்ணினாரு, அடுத்த நொடி அந்த காண்டாக்ட் அவர் கண்ணுக்கே தெரியல. சேவ் ஆகலன்னு நினைச்சு திரும்பச் சேத்தாரு, திரும்பக் காணோம், கடைசில நான் பாக்குறப்ப அதே பேர்ல மூணு. காரணம் எளிது, புது காண்டாக்ட் எந்த குரூப்லயும் இல்ல, குரூப்ல இல்லாதவரைப் பாக்க அவருக்கு அனுமதி இல்ல. இதுக்கு ஒரு வழி, சேர்க்குறதுக்கு ஒரு புரொஃபைல் ஃபார்ம் பண்ணி அதோட செட்டிங்ல புது ஆட்களை இன்ன குரூப்ல போடுன்னு சொல்லிடறது. இன்னொரு வழி, காண்டாக்ட் குரூப்பை ஸ்மார்ட் குரூப்பா வச்சுடறது.

ஸ்மார்ட் குரூப்னா ஒரு தேடலைச் சேமிச்சு வைக்கிறது, "கிளை"ங்கிற ஃபீல்ட்ல வடக்குன்னு இருக்குற அத்தனை பேரும் தானா உள்ள வந்துடுவாங்க. நாங்க கடைசில இப்படித்தான் பிரிச்சோம்: பாக்குறவங்க குரூப் எப்பவும் சாதா குரூப், கையால மட்டுமே ஆள் சேப்போம், பாக்கப்படுறவங்க குரூப் ஸ்மார்ட். இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஸ்மார்ட் குரூப் உடனே புதுப்பிக்காது, செட்டிங்கை மாத்தாம விட்டா 5 நிமிஷம் வரைக்கும் பழைய பட்டியலையே கேஷ்ல வச்சிருக்கும், அதனால சேத்த காண்டாக்ட் தெரியலன்னா ஒரு காபி குடிச்சுட்டு வந்து பாருங்கன்னு கிளைக்காரங்ககிட்ட முதல்லயே சொல்லிடணும். அடுத்தது, அந்த கிளை ஃபீல்ட் நாமளே உருவாக்கின கஸ்டம் ஃபீல்டா இருந்தா அதுக்கும் தனியா அனுமதி வேணும், கஸ்டம் டேட்டாவுக்கு ஏசிஎல் எழுதலைன்னா அந்த ஃபீல்டே அவங்க ஸ்கிரீன்ல வராது, வராத ஃபீல்டை எப்படி நிரப்புவாங்க? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போச்சு. காண்டாக்ட் லட்சக்கணக்குல இருந்தா ஸ்மார்ட் குரூப்பும் ஏசிஎல்லும் சேந்து சர்வரை இழுத்துப் புடிக்க வாய்ப்பு இருக்கு, எங்க ஆறாயிரத்துக்கு ஒண்ணும் தெரியல, அதுக்கு மேல நான் ஓட்டினதில்ல, அந்த அளவு உள்ளவங்க சாதா குரூப்லயே வச்சு சோதிச்சுப் பாத்துட்டு இறங்குங்க.

ரெண்டாவது குறை, டூப்ளிகேட். குரூப்ல சேக்குறது காண்டாக்டை, லாகின் பண்றது யூசர், ரெண்டும் இணைஞ்சிருந்தாத்தான் அனுமதி வேலை செய்யும். ஒரே ஆளுக்கு வேற வேற ஈமெயில்ல ரெண்டு காண்டாக்ட் இருந்து, நீங்க இணையாத காண்டாக்டை குரூப்ல போட்டீங்கன்னா அவர் வெறும் பக்கத்தைப் பாத்துட்டு உங்களுக்கு போன் போடுவாரு. முதல்ல டூப்ளிகேட்டை மெர்ஜ் பண்ணுங்க, அப்புறம் குரூப்.

மூணாவது, சர்ச்கிட்ல, அதாவது சிவிசிஆர்எம்மோட தேடல் கருவில, பண்ற பட்டியல்கள். அதுல அனுமதிச் சோதனையைத் தாண்டிக் காட்டுற ஒரு ஆப்ஷன் இருக்கு, பொதுப் பக்கத்துல போடுற பட்டியலுக்காக வச்சது. யாரோ ஒருத்தர் அவசரத்துக்கு அதை ஆன் பண்ணி, அந்தப் பட்டியலை கிளை ஆட்களோட டாஷ்போர்டுல போட்டா, மொத்த ஏசிஎல்லும் பின்வாசல் திறந்த வீடுதான்.

சோதிக்கும்போது தயவுசெஞ்சு உங்க அட்மின் அக்கவுண்ட்ல பாக்காதீங்க, அதுக்கு எல்லாமே தெரியும், எல்லாம் சரின்னுதான் தோணும். ட்ரூபல்னா முதல் யூசருக்கு இன்னும் மோசம், எந்த அனுமதியும் அவரைத் தடுக்காது. வேர்ட்பிரஸ்ல யூசர் ஸ்விட்சிங் பிளகின், ட்ரூபல்ல மாஸ்கரேட் மாட்யூல், ஏதாவது ஒண்ணைப் போட்டு கிளைக்காரரா மாறிப் பாருங்க. இன்னொரு கிளை ஆள் பேரைத் தேடிப் பாருங்க, காண்டாக்ட் எண்ணை நேரா அட்ரஸ் பார்ல தட்டிப் பாருங்க, எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க.

நன்கொடை, நிகழ்ச்சிப் பதிவு மாதிரி விஷயங்களைக் கிளைவாரியா பிரிக்கிறதை நாங்க இன்னும் தொடல. காண்டாக்ட் தெரியாட்டி அவரோட நன்கொடையும் தெரியாதுங்கிற அளவுல எங்களுக்கு ஓடுது, நன்கொடை வகைவாரியா பிரிக்கணும்னா அதுக்குத் தனி எக்ஸ்டென்ஷன் இருக்கு, அதைப் பத்திப் பேச எனக்கு அனுபவம் பத்தாது.

போன மாசம் ஒரு பொண்ணு தெற்குக் கிளைலேர்ந்து கிழக்குக்கு மாறினா. ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒரு குரூப்ல எடுத்து இன்னொரு குரூப்ல போட்டாங்க, ரெண்டு நிமிஷம், என்கிட்ட சொல்லவே இல்ல, நான் வேற எதுக்கோ அந்த காண்டாக்டைத் திறந்தப்ப குரூப் டேப்ல நீக்கப்பட்ட தேதி நின்னுச்சு, அதைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒருத்தர் மொத்தமா விலகும்போது மட்டும் இந்த ரெண்டு நிமிஷம் பத்தாது, குரூப்ல எடுத்தாலும் வேர்ட்பிரஸ் லாகின் அப்படியே இருக்கும், உள்ள வந்தா காலிப் பட்டியல்தான் தெரியும்னாலும் அந்த அக்கவுண்டை மூடுறது இன்னமும் என் வேலைதான்.