போஷன் டிராக்கர் செயலி: கீழத்தஞ்சை ஊராட்சிகளின் பக்கம் நின்று ஒரு மதிப்புரை

குழந்தைகளின் வருகையையும் வளர்ச்சியையும் பதிவதற்காக அங்கன்வாடிப் பணியாளரின் கைப்பேசியில் இயங்கும் போஷன் டிராக்கர் செயலியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அது தடையின்றித் திறக்கிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு ஏறுகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாள்தோறும் அதைக் கையாளும் பணியாளருக்கு அவை முக்கியமான கேள்விகள்தான். ஊராட்சியின் பக்கம் நின்று பார்க்கும் எனக்கு அவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு பாடுபட்டுத் திரட்டும் கணக்கைக் கொண்டு, பால்வாடி தன் பிள்ளைகளுக்கு என்ன நன்மை செய்தது என்பதைத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊராட்சி ஒன்று தெரிந்துகொள்ள முடியுமா?

செயலியின் நிறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியதிலிருந்து கணக்கு என்றாலே தடித்த பதிவேடுகள்தான். ஒரு கட்டத்தில் ஒரு மையத்துக்குப் பதினொரு பதிவேடுகள் இருந்தன. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த போஷன் டிராக்கர் வருகை, மதிய உணவு, சத்துமாவு வழங்கல், எடை, உயரம் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. எடையும் உயரமும் பதிந்தவுடன், உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலோடு ஒப்பிட்டு, குழந்தையின் உயரம் வயதுக்குக் குறைவா, உயரத்துக்கேற்ற எடை குறைவா என்பதைச் செயலியே கணக்கிட்டுக் காட்டுகிறது. வேதாரண்யத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் குடும்பத்தின் குழந்தையை, பெயரை நீக்காமல் அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் இதில் உண்டு. அறுவடை முடிந்தால் வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்கள் நிறைந்த டெல்டாவுக்கு இது சிறிய உதவி அல்ல.

ஆனால் எந்தச் செயலியின் கணக்கும் உயரப் பலகையின் முன்னால்தான் பிறக்கிறது. ஒரு மையத்தில் எடை போடும் நாளில் அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். இறுக்கிக் கட்டிய கொண்டையில் கனகாம்பரம் வைத்து ஒரு பெண் குழந்தையை அழைத்து வருகிறார்கள். "கொண்டைய அவுத்து விடுங்கக்கா, உயரம் கூடிக் காட்டிடும்" என்று டீச்சர் தாயிடம் சொல்கிறார். ஆயா குழந்தையின் குதிகால்களைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, டீச்சர் தலைக்கட்டையை இறக்கி, தன் கண் அந்தக் கோட்டின் மட்டத்துக்கு வரும்வரை குனிந்து அளவைப் படிக்கிறார். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்தால் 0.7 சென்டிமீட்டர் குறைவாகவே காட்டும்.

அந்தக் குழந்தையின் உயரம் 86 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வயது சரியாக 24 மாதம் என்றால், அந்த வயதுப் பெண் குழந்தைகளுக்கான நடு அளவு 85.7 என்பதால், கவலைப்பட ஒன்றுமில்லை. அதே 86 சென்டிமீட்டர் 36 மாதக் குழந்தையின் உயரமாக இருந்தால், அது 87.4 என்ற எல்லைக் கோட்டுக்குக் கீழே விழுந்து, வளர்ச்சி குன்றிய குழந்தை என்ற கணக்கில் சேர்ந்துவிடும். பலகையில் எவ்வளவு கவனம் வேண்டுமோ அவ்வளவு கவனம் பிறந்த தேதியிலும் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

அந்தத் தேதிக்குச் சான்றாக நிற்பது அங்கன்வாடிக் கணக்கு அல்ல. சுகாதாரத் துறையின் பிக்மி பதிவு. தாய் கருவுற்ற நாள் முதல் கிராம சுகாதார செவிலியர் தொடர்ந்து பதியும் அந்தக் கணக்கில்தான் பிறப்பு எடையும் இருக்கிறது. தடுப்பூசி விவரம் யூ-வின் தளத்துக்குப் போகிறது. பள்ளியில் சேர்ந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண் ஒன்று கிடைக்கிறது. ஒரே குழந்தை நான்கு இடங்களில் நான்கு எண்களோடு வாழ்கிறது. ஓரிடத்தில் முத்துலட்சுமி, இன்னோரிடத்தில் முத்துலெட்சுமி. ஓரிடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், வேறோரிடத்தில் பின்னால். மேல்மட்டத்தில் இவற்றை இணைக்கும் முயற்சிகள் நடந்தாலும், ஊர் மட்டத்தில் செவிலியரும் பால்வாடி டீச்சரும் தலைமையாசிரியரும் ஒரே பிள்ளையின் கணக்கை ஒரே பார்வையில் காணும் ஏற்பாடு இல்லை. மையத்தில் ஏறும் பதிவு மேற்பார்வையாளர், வட்டாரம், மாவட்டம், சென்னை, டெல்லி என்று மேலே போகிறது. பக்கத்துத் தெருவில் உள்ள பள்ளிக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ வருவதில்லை. இந்தச் செயலியின் பெருங்குறை என்று நான் கருதுவது இதைத்தான்.

நம் மாநிலத்துக்கு இதில் நல்ல முன்மாதிரி உண்டு. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். அளவு எடுத்த இடத்திலேயே முடிவும் எடுக்கப்பட்டது.

பிள்ளைகளின் நிலையை மட்டும் அறிவதற்கு தேசியக் குடும்ப நல ஆய்வு போதும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்ச்சி குன்றியோர் 2015-16-இல் 27.1 விழுக்காடாக இருந்து, 2019-21-இல் 25.0 விழுக்காடாகக் குறைந்தனர் என்று அது சொல்கிறது. அந்த ஆய்வு மாவட்டத்தோடு நின்றுவிடும். அந்தக் குறைவில் பால்வாடியின் பங்கு எவ்வளவு என்று சொல்லாது. அதை அறிய ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. குறுவை நடவுக்காக விடியற்காலையில் வயலுக்குப் போகும் தாயின் பிள்ளை பால்வாடிக்கு வருகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி நர்சரிக்குப் போகிறது. இருவரையும் முதல் வகுப்பில் நிறுத்தி எழுத்தறிவைச் சோதித்தால் பால்வாடி தோற்றதுபோலத்தான் தெரியும். அது பால்வாடியின் தோல்வி அல்ல, வீட்டு வறுமையின் நிழல். பிறப்பு எடை, தாயின் படிப்பு, குடியிருப்பு ஆகியவற்றில் ஒத்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் பால்வாடிக்கு வந்தவர்களையும் எப்போதாவது வந்தவர்களையும் பிரித்து, தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் என்ற கற்றல் திட்டத்தின் மதிப்பீட்டில் இரு தரப்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்தால்தான் நேர்மையான விடை கிடைக்கும். நாள்வாரி வருகை போஷன் டிராக்கரில் இருக்கிறது, பிறப்பு எடை பிக்மியில் இருக்கிறது, கற்றல் நிலை பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. மூன்றும் சந்திப்பதற்கான இடம்தான் இல்லை.

தனி ஊராட்சி இதைச் செய்ய முடியாது. இருபது பிள்ளைகள் உள்ள மையத்தில் ஒரு பிள்ளை தேறினால் ஐந்து விழுக்காடு முன்னேற்றம், ஒரு பிள்ளை நலிந்தால் ஐந்து விழுக்காடு சரிவு என்று கணக்கு ஆடிக்கொண்டே இருக்கும். கோட்டூர், வலங்கைமான், திருமருகல் போன்ற ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் மையங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்கு எடை வரும்.

உள்ளாட்சி அமைப்பு இதற்குச் செலவு செய்வது கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை உள்ளடக்கிய குயஹோகா கவுண்டி, 1999-இல் தொடங்கிய தன் குழந்தைகள் திட்டத்தை மதிப்பிடுவதற்காக, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பிறப்புப் பதிவு, வீட்டுக்கு வந்து உதவும் சேவை, குழந்தைகள் காப்பகம், இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஆகியவற்றின் கணக்குகளை ஒன்றோடொன்று இணைத்தது. உடலில் ஈயம் கூடிய குழந்தைகள் நல்ல முன்பருவப் பள்ளிக்குச் சென்றும் பின்தங்குகிறார்கள் என்பது அந்த இணைப்பால் தெரியவந்தது. நம் பக்கம் ஈயத்தின் இடத்தில் தாயின் இரத்தசோகையை வைத்து இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனிப் பணத்துக்கு வருவோம். பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் 25-ஆவது பொருள். ஆகவே ஊராட்சி இதில் தலையிடுவது வரம்பு மீறல் ஆகாது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவுக்கு என்று கட்டுண்டிருந்தது. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைக்கு உரியதாக இருந்தது, ஆனால் ஊதியத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பது விதி. இதுபோன்ற அமைப்பில் உயரப் பலகை, எடைக் கருவி, ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்கும் செலவு ஆகியவற்றை மானியத்தில் அடக்கலாம். பெயர்களைப் பொருத்தி மூன்று கணக்குகளையும் இணைக்கும் ஆளுக்கு ஒன்றியத்தின் பொது நிதியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வீட்டு வரியை மட்டும் நம்பியிருக்கும் சிறிய ஊராட்சியின் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்த ஊராட்சிகளிலும் கிராம சபை உண்டு; அங்கே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

இணைத்த கணக்கை யார் பார்ப்பது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், வளர்ச்சி குன்றியதாகச் சிவப்புக் குறியிட்ட குழந்தையின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறினால் அந்தத் தாய்க்கு அது ஆறாத அவமானம். ஊராட்சிக்குப் பெயரில்லாத தொகுப்பு அட்டவணை போதும். ஐந்து குழந்தைகளுக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் காட்டாமல் விட வேண்டும். குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அரசு சேவைகளுக்கு அதில் விலக்கு இருந்தாலும், தாயிடம் நேரில் சொல்லி ஒப்புதல் கேட்பதே முறை.

பணியாளரின் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வேலையும் இப்போது அவர் கையில்தான் இருக்கிறது. பாட்டும் கதையுமாகப் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய காலை நேரத்தை மேலும் ஒரு பதிவு தின்றுவிடக் கூடாது. மூன்று துறைகளின் கணக்கையும் பொருத்தும் வேலை முழுவதும் ஒன்றிய அலுவலகத்திலேயே நடக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அதன் விடை டீச்சருக்கும் செவிலியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே தாளில் வந்து சேர வேண்டும்.