தைரொயிட் இரத்தப் பரிசோதனைப் பொதி: மூளைச் சோர்வுக்கு இது போதுமா?

திருகோணமலை நகரத்துத் தனியார் ஆய்வுகூடங்களில் கேட்டு எடுக்கும் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்), டி3, டி4 (தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்கள்; டி4தான் தைரொக்சின்) பொதி, தைரொக்சின் அளவு சரியா என்று பார்க்க நல்லது. ஆனால் ஹாஷிமோட்டோ நோய்க்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் நோய்) தைரொக்சின் குளிசை எடுத்து டி.எஸ்.எச். சீரான பிறகும் தலை மந்தமாக, பெயர்கள் மறந்து, பின்னேரமே மூளை களைத்துப்போகிறவர்களுக்கு இது அரைகுறைதான். டி3ஐ விட்டுவிட்டு, அந்தக் காசில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் சேருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஃபெரிட்டின் பார்க்காமல் அது பிடிபடாது. ஹாஷிமோட்டோவைக் காட்டும் டி.பி.ஓ. எதிர்ப்புடல் ஒருமுறை கூடுதலாக வந்தால் போதும், திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

பரிசோதனைக்கு முன் சரியாகத் தயாராகாவிட்டாலும் முடிவு பிழையாக வரலாம். இரத்தம் கொடுத்த பிறகே அன்றைய குளிசையைப் போடுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுப்பவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் சோர்வு இன்னும் கூடும். மருந்தின் அளவை மாற்றி 6 முதல் 8 வாரம் போகாமல் பரிசோதனை எடுக்க வேண்டாம்.

குளிசையைத் தண்ணீரோடு வெறும் வயிற்றில் போட்டு, பால் தேத்தண்ணிக்கு 30 முதல் 60 நிமிடம் பொறுங்கள். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். எல்லாம் சரியாக வந்தும் மந்தம் விடவில்லையென்றால், நித்திரையில் மூச்சுத்தடை, மனச்சோர்வு பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.