பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: பல வருடம் வைத்திருந்து, சுட்டு, பழுதுபார்த்த அனுபவம்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் யாருக்கும் கண் முதலில் போவது கட்டையின் மரக்கோடுகளுக்கும் பக்கங்களில் இருக்கும் செதுக்கு வேலைக்கும்தான். அழகு அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதைக் குழல்களிடம் விட்டுவிடுங்கள். கட்டை விரிசல் விட்டால் ஒட்டலாம், மொத்தமாகப் போனால் புதிதாகச் செய்யலாம். ஸ்பிரிங் உடைந்தால் இன்னொன்று செய்து போடலாம். துருவைச் சுரண்டிச் சுரண்டிக் குழலின் சுவர் மெலிந்துவிட்டால் அந்த உலோகம் திரும்பி வராது.

என்னிடம் இருப்பது இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) பாக்ஸ்லாக், அதாவது சுடும் பாகங்கள் எல்லாம் குழலுக்குப் பின்னாலிருக்கும் உலோகப் பெட்டிக்குள் அடங்கிய வகை. எஜெக்டர் கிடையாது, சுட்ட தோட்டாவைக் கையால்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சன், டீலி இருவரும் 1875-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. துப்பாக்கியை மடக்கித் திறக்கும்போது குழல்கள் கீழே சாயும் அந்த அசைவே உள்ளேயிருக்கும் சுத்தியல்களை ஏற்றி நிறுத்திவிடுகிறது. பாகங்கள் குறைவு, ஒவ்வொன்றும் தடிமனானது. சுடும் பாகங்களைப் பக்கத் தகடுகளில் பொருத்தும் சைட்லாக்கின் நேர்த்தி இதில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்க எனக்குப் பாக்ஸ்லாக்தான் பிடித்திருக்கிறது.

வாங்கும்போது செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. முன்கட்டையைக் கழற்றி, குழல்களை மட்டும் தனியாக எடுத்து, அடியிலிருக்கும் கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் நகத்தால் லேசாகத் தட்ட வேண்டும். கோயில் மணிபோல இழுத்து ஒலித்தால் நல்லது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் இரண்டு குழல்களையும் சேர்த்திருக்கும் ரிப் என்ற உலோகப் பட்டை எங்கோ பற்று விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். அடுத்து சுவரின் தடிமன். இதைக் கண்ணால் சொல்ல முடியாது, அதற்கென்று இருக்கும் அளவுகோலை உள்ளே விட்டு, நீளம் முழுக்க அளக்க வேண்டும். மிக மெலிந்த இடத்திலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது துப்பாக்கித் தச்சர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்குக் கீழே போனால் நான் வாங்க மாட்டேன்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது முத்திரை. பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் குழலின் அடிப்பக்கம் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸின் (குழல் அழுத்தம் தாங்குமா என்று சோதிக்கும் இடம்) குறிகள் இருக்கும். கறுப்பு வெடிமருந்துக்கு மட்டும் சோதித்ததா, பின்னால் வந்த புகையில்லா வெடிமருந்துக்கும் சோதித்ததா, அன்று உள்விட்டம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அன்றைய விட்டத்தையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டால் நடுவில் எவ்வளவு சுரண்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பார்க்கர், ஃபாக்ஸ் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகளில் இப்படிச் சட்டப்படியான முத்திரையே கிடையாது, அங்கே அளவுகோலை மட்டும்தான் நம்ப வேண்டும். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் கவனம் தேவை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும் அந்தக் கோலம். ஆனால் புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லாத டமாஸ்கஸில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

இனி தோட்டா. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய துப்பாக்கிகள் பல கெட்டுப்போவது இங்கேதான். அந்தக் காலத்து 12 போர் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) கொண்டவை, வழக்கில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். இன்று எங்கும் கிடைப்பவை 70 மில்லிமீட்டர் தோட்டாக்கள். தோட்டாவின் நீளத்தைச் சுட்ட பிறகு, வாய் விரிந்த நிலையில்தான் கணக்கிடுகிறார்கள். வாய் மடித்திருக்கும்போது நீளம் குறைவு என்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் சேம்பருக்குள் சிரமமே இல்லாமல் போய் உட்காரும், துப்பாக்கியும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் முன்னால் குறுகும் பகுதிக்குள் போய் முட்டும், அழுத்தம் ஏறும். ஆகவே உள்ளே போகிறதே என்று நம்பிவிடாதீர்கள். சேம்பரை நீட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நீட்டினால் சுவர் மெலிந்திருக்கக் கூடாத இடத்தில் மெலியும், பிரிட்டனில் மறுபடியும் புரூஃபுக்கு அனுப்பியாக வேண்டும். 65 மில்லிமீட்டர் தோட்டா வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

நான் போடுவது குண்டுகளின் எடை 28 கிராமுக்கு மேல் போகாத, அழுத்தம் குறைந்த ஈயத் தோட்டா. துப்பாக்கியின் எடை குண்டுகளின் எடையைப்போல 96 மடங்காவது இருக்க வேண்டும் என்று துப்பாக்கி செய்பவரான கிரீனர் பெயரில் ஒரு பழைய விதி உண்டு. 28 கிராமுக்கு அது சுமார் 2.7 கிலோ. என்னுடையது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிப்பதில்லை. ஈயம் கூடாத இடங்களில் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த குண்டுகள். எஃகுக் குண்டுகள் இந்தக் குழல்களுக்கு ஆகாது, சோக் (குழல் முனையின் குறுகல்) இறுக்கமாக இருந்தால் குழலே வீங்கிவிடும்.

சுடும் அனுபவம் என்று பார்த்தால், இரட்டை விசைக்குப் பழகியவர்கள் ஒற்றை விசைக்குத் திரும்ப விரும்ப மாட்டார்கள். முன்விசை வலது குழலுக்கு, அதில் சோக் தளர்வு. பின்விசை இடது குழலுக்கு, அது இறுக்கம். குறியாக எறியும் களிமண் தட்டு கிட்டே வருகிறதா, தூரப் போகிறதா என்பதைப் பார்த்த அந்தக் கணத்திலேயே விரல் தேர்ந்தெடுத்துவிடும். பிடி நேராக இருப்பதால் கை தானாகப் பின்விசைக்கு நகர்கிறது. முன்கட்டை ரொம்பச் சின்னது, இடது கை பிடிக்க வேண்டியது குழலைத்தான். களிமண் தட்டுகளைத் தொடர்ந்து சுட்டால் குழல் கை வைக்க முடியாதபடி சுடும், தோல் உறை ஒன்று அவசியம். ஒரே குறை, முன்பக்கம் எடை குறைவு என்பதால், தட்டைத் தொடர்ந்து துப்பாக்கியை நகர்த்தும் வீச்சைப் பாதியில் நிறுத்திவிடத் தோன்றும். சுட்ட பிறகும் வீச்சைத் தொடர்வது பழக்கமாக வேண்டும்.

பழுதுபார்ப்பில் முதல் வேலையாகக் குழலும் ஆக்‌ஷனும் (சுடும் பாகங்கள் அடங்கிய உலோக உடல்) சேரும் இடத்தில் இருந்த ஆட்டத்தைச் சரிசெய்யக் கொடுத்தேன். முன்கட்டையைக் கழற்றி மூடிய நிலையில் ஆட்டிப் பார்த்தால் தெரியும் இந்தத் தேய்மானம். அழுத்தம் தாங்கும் பாகங்களில் கை வைப்பது துப்பாக்கித் தச்சரின் வேலை, அதை நான் தொடுவதில்லை. குழலுக்குக் கறுப்பேற்றுவதும் அவரிடமே. அதில் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: பழைய முறைப்படி துருவேற்றி, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடி துருவேற்றி மெதுவாகச் செய்கிறாரா என்று. புதுத் துப்பாக்கிகளுக்குச் செய்யும் சூடான காரக் கரைசல் ரிப்பைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றையே கரைத்துவிடும்.

கட்டை வேலை என்னுடையது. பல வருடம் யாரோ தாராளமாக எண்ணெய் விட்டு, குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்ததில் ஆக்‌ஷனை ஒட்டிய மரம் கறுத்து, மெத்தென்று ஆகியிருந்தது. சுண்ணக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டேன். வெள்ளைப் பூச்சு காயக் காய மஞ்சளாகி, பிறகு பழுப்பாக மாறும், அது மரத்திலிருந்து ஏறும் எண்ணெய். உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பூச்சு வெள்ளையாகவே காய்கிற வரை விடாமல் செய்தபின், வால்நட்டின் செம்பழுப்பு வெளியே வந்தது. அப்புறம் ஆளி விதை எண்ணெய், ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, காய்ந்த பிறகு அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் பிசுபிசுப்பு நிற்கும். திருகுகளுக்கு அந்தந்தப் பள்ளத்துக்கு அளவாக அரைத்த திருப்புளிதான் வேண்டும், சாதாரணத் திருப்புளி பள்ளத்தின் விளிம்பை முதல் திருகலிலேயே நசுக்கிவிடும்.

செதுக்கலை மறுபடி வெட்டச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். தேய்ந்திருந்தாலும் அது அன்றைக்குச் செய்தவரின் கைவேலை.

இப்போது நிலவரம்: ஆட்டம் திரும்ப வரவில்லை, குழலின் அளவுகள் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன, ரிப் மணியடிக்கிறது. இடது பக்கச் சுடும் ஊசியின் முனை கொஞ்சம் தேய்ந்து, தோட்டாவின் அடியில் பொறி தரும் கேப்பில் விழும் தடம் ஆழம் குறைந்துவருகிறது. அடுத்த பருவத்துக்கு முன் மாற்றக் கொடுத்துவிடுவேன். அதுவரை வலது குழல் மட்டும்.