ஐ.டி.ஐ.யா, பட்டறையா?

பத்தாம் வகுப்பு முடித்த பையனை எங்கே சேர்ப்பது என்று கோவை கணபதிப் பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கேட்டால், "நேரே இங்கே அனுப்புங்கள்" என்பார்கள். நியாயம் இருக்கிறது. பம்பு ஷாஃப்டை லேத்தில் கடையும்போது பேரிங் உட்காரும் இடத்தில் மயிரிழை அதிகமாகத் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகை கற்றுத்தராது. கெட்டுப்போன உருப்படி கற்றுத்தரும். ஆனால் டீ வாங்கிவருவதிலும் பிசிறு கூட்டுவதிலுமே மாதங்கள் போய்விடுவதும் உண்டு. கடைசியில் கையில் ஒரு சான்றிதழும் இருக்காது.

அதற்குத்தான் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரெண்டிஸ்) சட்டம். பதிவுசெய்து சேர்ந்தால் உதவித்தொகை, தேர்வு, தேசியச் சான்றிதழ் எல்லாம் உண்டு. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். கொங்கு நாட்டுப் பட்டறைகளில் பலவற்றில் பத்துப் பேர்கூட இல்லையே! அங்கே இந்தக் கட்டாயம் வாசலோடு நின்றுவிடுகிறது.

அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர், டர்னர் படிப்பு 2 ஆண்டு. கல்விக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பின்னது 2024இல் தொடங்கப்பட்டதே கோவையில்தான். பெண்ணைப் பட்டறைக்கு அனுப்பத் தயங்கும் வீடும் ஐ.டி.ஐ.க்குத் தலையசைக்கும்.

என் ஓட்டு ஐ.டி.ஐ.க்கு, அதை முடித்த கையோடு ஒரு பெரிய ஆலையில் பழகுநர் பயிற்சிக்கு. வீட்டில் அடுத்த மாத வாடகைக்கே வழியில்லை என்றால் மட்டும் பட்டறை. அதுவும் பதிவுசெய்து எடுக்கும் இடமா என்று முதலில் கேட்டுவிட்டு.