பெரம்பூரா, திருவொற்றியூரா?

வேலை சென்ட்ரல், அண்ணா சாலைப் பக்கம், வீடு மட்டும் வடசென்னையிலேயே வேண்டும் என்பவர்கள் கடைசியில் இந்த இரண்டு ஊரில்தான் வந்து நிற்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். கல்யாணத்துக்குப் பிறகு பெரம்பூர். அதனால் உறவில் யார் வீடு தேடினாலும் என்னிடம்தான் கேட்பார்கள்.

பெரம்பூர் ரயில்வேயால் வளர்ந்த ஊர். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955இல் ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்ததால் கடைத்தெருவும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது. பேப்பர் மில்ஸ் சாலையில் இறங்கினால் பள்ளிச் சீருடையிலிருந்து பட்டுப்புடவை வரை வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பலாம். மின்சார ரயிலில் சென்ட்ரல் போக இடையில் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் என்று இரண்டே நிறுத்தம். மேற்கே போகும் சில எக்ஸ்பிரஸ் வண்டிகளும் இங்கே நிற்பதால், ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியார் சென்ட்ரல் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை. ரயில்வே மருத்துவமனை ரயில்வே குடும்பங்களுக்குத்தான். ஆனால் 2025இல் பெரியார் நகரில் புதிய அரசு மருத்துவமனை வந்துவிட்டது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்று சொல்லவே வேண்டாம்.

குறை? வாடகை கூடுதல். மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் மெட்ரோவுக்காகத் தோண்டியதில் தூசியும் மாற்றுப்பாதையுமாக ரொம்பவே அலைந்துவிட்டோம். பெருமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள், அப்புறம் சுற்றித்தான் போக வேண்டும்.

கொளத்தூரையும் சிலர் கேட்பார்கள். வண்ணமீன் கடைகளுக்குப் பேர்போன இடம், தனி வீடுகள் நிறைய. ஆனால் ரயில் பிடிக்க வில்லிவாக்கமோ பெரம்பூரோதான் வர வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு வண்டி இருந்தால் சரி.

திருவொற்றியூரை 2021க்கு முன், பின் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். நான் கல்லூரி போன காலத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸிலேயே பாதிக் காலை போய்விடும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. இப்போது தேரடியில் ஏறினால் உயர் நீதிமன்றம், சென்ட்ரல், விமான நிலையம் எல்லாம் ஒரே வண்டியில். அம்மா இதைப் பற்றி இன்றும் ஆச்சரியமாகப் பேசுவார்.

தேரடியைச் சுற்றிக் காய்கறி, பூ, மளிகை எல்லாம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் சன்னதிக்கு நடந்தே போகலாம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் களைந்து தரிசனம் கொடுப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது இந்த ஊரை விட்டு ஏன் போனோம் என்று தோன்றும். பக்கத்துக் காலடிப்பேட்டை, கவர்னர் காலெட் பெயரில் 300 ஆண்டுகளுக்கு முன் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை. அங்கே குறுகலான தெருக்களில் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் காற்று. மணலி ஆலைகளின் வாடை சில இரவுகளில் ஜன்னலைச் சாத்தினாலும் விடாது. 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தது. கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் கடலரிப்பையும் யோசிக்க வேண்டும்.

தினமும் மெட்ரோவில் போகிற இளம் தம்பதிக்கு நான் திருவொற்றியூரைத்தான் சொல்வேன், வாடகையும் தாங்கும். குழந்தைக்கு வீசிங் இருந்தாலோ பெற்றோர் கூட இருந்தாலோ, யோசிக்காமல் பெரம்பூர்.

எந்த ஊரானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு முறை போய்ப் பாருங்கள். திருவொற்றியூரில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பெரம்பூரில் கீழ்த்தள வீடு என்றால், பழைய மழைத்தண்ணீர் சுவரில் எதுவரை கறை விட்டிருக்கிறது என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.