கொடைக்கானல் கொயர் முகாமில் ஃபோரேயின் ரெக்குயெம்: காசு கொடுத்துப் போகலாமா?

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். பாட்டுச் சொல்லிக்கொடுத்ததற்குப் பத்துக்கு ஒன்பது, ஏற்பாட்டுக்கு மூன்று, அந்த மூன்றும் சமையல்காரருக்குப் போகவேண்டியது.

கல்லறைத் திருநாளை ஒட்டி நடக்கும் வார இறுதி முகாம் இது. தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு கட்டணம், கொயரில் பாடிப் பழக்கம் இருந்தால் போதும், யாரும் சேரலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரேயின் ரெக்குயெமைக் கற்றுக்கொடுத்துக் கடைசி நாள் சாயங்காலம் ஒரு சின்னக் கோயிலில் பாடவும் வைக்கிறார்கள். நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. திட்டப்போகிறேன், அதனால்.

ரெக்குயெம் என்றால் இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் லத்தீன் பூசை. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நாம் சொல்கிற 'நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும்' என்ற அதே ஜெபத்தில்தான் தொடங்குகிறது. மொசார்ட், வெர்டி, பெர்லியோஸ் என்று எத்தனையோ பேர் இதற்கு இசை அமைத்திருக்கிறார்கள், அவர்களில் நம்மைப் போன்ற கத்துக்குட்டிகள் துணிந்து தொடக்கூடியது ஃபோரே ஒருவருடையதுதான் என்பது என் கட்சி. மொத்தமாகப் பாடினாலும் முப்பத்தைந்து நிமிடத்தைச் சுற்றித்தான் வரும். பாரிஸில் மதலேன் ஆலயத்தில் கொயர் மாஸ்டராக இருந்து சாவுப் பூசைகளுக்கு ஆர்கன் வாசித்து வாசித்து அலுத்துப்போனவர் அவர், வேறு மாதிரி ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் இடியும் மின்னலுமாக அமைக்கும் 'தியேஸ் ஈரே', அதாவது கடைசித் தீர்வை நாளின் கோபத்தைப் பற்றிய நீண்ட பாட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு அதன் கடைசி வரியான 'பியே யேசு'வை மட்டும் எடுத்துக்கொண்டார். 1888 ஜனவரி 16 அன்று ஒரு கட்டிடக் கலைஞருக்கான பூசையில் முதல்முறை பாடியபோது, இந்தப் புதுமை எல்லாம் நமக்கு எதற்கு என்று பங்குச் சாமியார் சலித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. பங்குச் சாமியார்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான் போல.

இப்போது மாஸ்டர். மதுரைப் பக்கத்துக்காரர், வயது அறுபது இருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர், கையில் குச்சி கிச்சி எதுவும் கிடையாது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் சி.எஸ்.ஐ. கோயில்களில் சோல்ஃபா, அதாவது டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதிய ஸ்வரம், பார்த்துப் பாடிப் பழகியவர்கள், கோடு போட்ட நொட்டேஷனைக் கண்டாலே முகம் சுருங்கிவிடும். அவர் முதல் நாள் காலையில் கரும்பலகையில் ஆல்ட்டோ வரியை, அதாவது பெண்களின் கீழ்க்குரலுக்கானதை, சோல்ஃபாவிலேயே எழுதிவிட்டு, 'இதுல பாடுங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்' என்றார். அதிலேயே ஆண்களின் அடிக்குரலான எங்கள் பேஸ் வரிசையும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

லத்தீன் உச்சரிப்பில் அவர் சொன்ன ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏ, ஓ இரண்டையும் வளைக்காமல் நீட்டத் தமிழ்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இங்கிலீஷ் பாட்டு பாடும்போதுதான் நாம் அதைக் கெடுத்துக்கொள்கிறோம், அதனால் 'தோனா'வைத் 'தோணி' மாதிரி வாயைத் திறந்து சொல், போதும் என்றார். 'ஆஞ்ஞுஸ் தேயி' (இறைவனின் செம்மறியே) என்ற பகுதியில் வரும் ஞகரமும் அப்படித்தான், நமக்குக் கூடப் பிறந்தது.

அந்த ஆஞ்ஞுஸ் தேயியில்தான் இந்த முகாமின் மொத்தக் காசும் எனக்கு வசூலானது. ஆண்களில் மேல்குரல்காரர்களான டெனர்கள் எஃப் மேஜரில் இழைத்து இழைத்துப் பாடிக்கொண்டு வருவார்கள், எல்லாரும் அடங்கிய பிறகு பெண்களின் மேல்குரலான சொப்ரானோ மட்டும் 'லுக்ஸ்' என்று ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எஃப்-ஐ ஸ என்று வைத்தால் அது ப, பஞ்சமம். அடுத்த நொடி கீழே மற்ற குரல்கள் ஏ ஃப்ளாட்டைப் புது ஸ ஆக்கி வந்து உட்கார, சொப்ரானோ இம்மி நகராமலே அந்தச் சுருதி அந்தர காந்தாரமாகிவிடும். 'நம்ம கிரகபேதம்தான்மா இது, நீங்க ஒண்ணும் பண்ணவேணாம், ஆடாம நில்லுங்க, தரைதான் நகரும்' என்று சொப்ரானோ வரிசை அக்காக்களிடம் சொன்னார். முதலில் எல்லாரும் பதறிப்போய்க் கால் சுருதி இறங்கினார்கள். அவர் திட்டவில்லை, கீழ்க்குரல்களை மட்டும் திரும்பத் திரும்ப வரச்சொல்லி, மேலே நிற்பவர்களுக்குத் தைரியம் வரும்வரை காத்திருந்தார். ஒருமுறை சரியாக விழுந்தது, பேஸ் வரிசையில் இருந்த எனக்குக் கை ரோமம் நின்றுவிட்டது.

டெனர்களிடம் அவர் ஓயாமல் சொன்னது 'சத்தம் வேணாம்ணே' என்பதுதான். மைக்கைத் தின்கிற மாதிரிப் பாடிப் பழகிய கூட்டத்தை ஒரு வார இறுதிக்குள் மெல்லப் பாடவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சரி, திட்டுக்கு வருவோம். நோட்டீஸில் 'முழு ரெக்குயெம்' என்று போட்டிருந்தார்கள். பாடியது ஐந்து பகுதி, ஒஃபெர்த்துவாரும் 'லிபரா மே'யும் கிடையாது. 1888-ல் ஃபோரே பாடவைத்ததே இந்த ஐந்தைத்தான், மற்ற இரண்டும் பிறகு சேர்ந்தவை, அதனால் வெட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒஃபெர்த்துவாரில் ஆல்ட்டோவும் டெனரும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில் எங்கள் சுருதி மலைக்குக் கீழே இருக்கும் பெருமாள்மலை வரைக்கும் இறங்கியிருக்கும். ஆனால் அதைக் காசு வாங்கும்போதே சொல்லவேண்டாமா? 'லிபரா மே' பாரிட்டோன் சோலோவுக்காகவே வீட்டில் பழகிக்கொண்டு வந்த ஒரு அண்ணன் முதல் நாள் மதியம் முழுக்க யாரோடும் பேசவில்லை.

அப்புறம் பாட்டுத்தாள். கட்டணத்தில் அதற்குத் தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். கொடுத்தது மங்கிப்போன ஜெராக்ஸ், பேஸ் வரி பாதி இடங்களில் வெட்டுப்பட்டிருந்தது. ஃபோரே இறந்தது 1924-ல், பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே பிரிண்ட் போட்டுக்கொண்டு போங்கள்.

கீபோர்டு இன்னும் மோசம். ஃபோரே முதலில் எழுதியது வயோலா, செல்லோ என்று அடிக்குரல் கருவிகளுக்கு, இருட்டும் கதகதப்புமான சத்தம் அது. நேரில் அதை எதிர்பார்த்துப் போகவில்லைதான், இருந்தாலும் ஆர்கன் பட்டனை அழுத்தினால் கிறிஸ்துமஸ் ஸ்டார் விளக்கில் வரும் மியூசிக் மாதிரியா கேட்கவேண்டும்? வடகிழக்குப் பருவமழை நேரம் வேறு, ஒத்திகையில் கடைசிப் பகுதியான 'இன் பாரதீசும்' பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். இல்லை. ஆர்கனின் சுருள் சுருளான ஓட்டத்தின் மேல்தான் அந்தப் பாட்டே மிதக்கிறது, அது இல்லாமல் சொப்ரானோக்கள் அந்தரத்தில் தொங்கினார்கள்.

தங்கும் அறையில் கம்பளி ஈரவாடை அடித்தது. சாப்பாடு பிரமாதம். மலைப்பூண்டு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டுப் பாடினால் தொண்டை தானாகத் திறக்கிறது.

நிகழ்ச்சியன்று கோயிலில் நல்ல கூட்டம். கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போய்விட்டு வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி அப்படியே உட்கார்ந்தார்கள், அதைவிடத் தகுந்த சபை இந்த இசைக்கு அமையாது. 'பியே யேசு'வை ஒரு பள்ளிக்கூடப் பெண் பாடியது, கடைசி வரியில் மூச்சு கொஞ்சம் பற்றவில்லை, இருந்தும் அவ்வளவு சுத்தம். 1888-லும் இதை ஒரு சிறுவன்தான் பாடினான். எல்லாவற்றையும் கெடுத்தவர் தொகுப்பாளர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பள்ளி ஆண்டு விழா மாதிரி மைக்கைப் பிடித்து, 'பலத்த கரகோஷம் கொடுப்போமா' என்று கேட்டார். ஃபோரே தன் அம்மா செத்த துக்கத்தில் இதை எழுதினார் என்றும் உருகினார். அம்மா இறந்தது 1887 டிசம்பர் கடைசி நாள், பூசைக்குப் பதினாறு நாள் முன்பு, வேலை அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. கூட்டம் பாவம், சொன்னபடி கை தட்டியது.

அந்த மாஸ்டர் வருவார் என்றால் தாராளமாகப் போங்கள், குறிப்பாகக் கோயில் கொயரில் இருந்துகொண்டு 'இன்னும் சத்தமா' என்பதை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள். ஸ்வெட்டர், சொந்தப் போர்வை, சொந்தத் தாள் அவசியம். வத்தலக்குண்டு வழியில் மழைக்காலத்தில் மரம் விழும், பகல் பஸ்ஸையே பிடியுங்கள்.

அடுத்த வருஷம் மொசார்ட்டாம். அவர் 1791-ல் முடிக்காமலே செத்துப்போய், அவர் மாணவர் சுஸ்மாயர் முடித்துவைத்த அதே ரெக்குயெம். 'கீரியே' பகுதியின் ஃபியூகில் நான்கு குரலும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து ஓடவேண்டும், எங்களிடம் இருந்த டெனர்களை வைத்துக்கொண்டு அது நடக்காது. போதாததற்கு 'தூபா மீரும்' பகுதியின் ஆரம்பமே ட்ரோம்போன் சோலோ. அந்தக் கீபோர்டில் ட்ரோம்போன் என்றும் ஒரு பட்டன் இருக்கிறது. டீ இடைவேளையில் யாரோ அழுத்திப் பார்த்தார்கள். கேட்டவர்கள் யாரும் அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுத்ததாகத் தெரியவில்லை.